பழைய ராணுவ ஜீப்: வாங்குவது முதல் பராமரிப்பு வரை முழுமையான வழிகாட்டி

ராணுவத்துக்கென்று செய்த வண்டி, அதற்கு என்ன ஆகிவிடப் போகிறது என்ற தைரியத்தில்தான் பலரும் பழைய ஜீப் வாங்குகிறார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன். வால்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட் ஷெட்டில், சிவப்புப் பெயின்ட் அடித்து, பின் சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த ஒரு போர்க்கால ஜீப். அதை லாரியில் ஏற்றிக் கோயம்புத்தூர் கொண்டுவந்த பிறகுதான் அந்த வண்டிக்கு அமெரிக்க ராணுவம் 1944-ல் போட்ட கையேட்டை (டி.எம். 9-803) உட்கார்ந்து படித்தேன். கிளம்பும் முன் பார்க்க வேண்டியவை, ஓடும்போது கவனிக்க வேண்டியவை, வழியில் நிறுத்தும்போது தொட்டுப் பார்க்க வேண்டியவை, திரும்பி வந்ததும் செய்ய வேண்டியவை என்று நாலு வேளை வேலை. 1,000 மைலுக்கு ஒரு தடவை அடிப்பக்கம் முழுக்க கிரீஸ். அந்தக் காலத்தில் வண்டி நிற்காமல் ஓடியதென்றால், எந்நேரமும் அதன் அடியில் ஒரு சிப்பாய் படுத்துக் கிடந்திருக்கிறான் என்று அர்த்தம். இன்றைக்கு அந்த வண்டியை வாங்குகிறவர் அந்தச் சிப்பாயின் வேலையில் சேருகிறார். ஞாயிற்றுக்கிழமை கையில் கிரீஸ் படிவது பிடிக்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

முதல் படி: எந்த வண்டி என்று முடிவு செய்யுங்கள்

நம் நாட்டில் தனியார் கைக்கு வரும் ராணுவ வண்டிகளில் மூன்றைப் பற்றித்தான் பெரும்பாலும் பேச்சு. ராணுவத்திலிருந்து கழித்த மாருதி ஜிப்ஸி புதியவர்களுக்குச் சுலபம்; சாமான் கிடைக்கும், எந்த ஊர் மெக்கானிக்கும் கை வைப்பார். அடுத்தது ஜோங்கா. நிசான் பேட்ரோலை வைத்து ஜபல்பூர் ராணுவ வாகனத் தொழிற்சாலையில் செய்தது. 3,956 சிசி, ஆறு சிலிண்டர், பெட்ரோல். லிட்டருக்கு நாலைந்து கிலோமீட்டர் கொடுத்தால் கும்பிட வேண்டியதுதான். அதனால்தான் சந்தையில் பல ஜோங்காக்கள் டீசல் எஞ்சின் மாற்றப்பட்டு நிற்கின்றன. தோனி ஒரு பழைய ராணுவ நிசான் வாங்கினார் என்று 2019-ல் செய்தி வந்த வாரம், என்னிடமே மூன்று பேர் "ஜோங்கா ஒண்ணு கிடைக்குமா" என்று கேட்டார்கள். ஒருவரும் மைலேஜைக் கேட்கவில்லை.

மூன்றாவது, இரண்டாம் உலகப் போரின் ஜீப். 1941 முதல் 1945 வரை வில்லிஸ் கம்பெனி எம்.பி. என்ற பெயரிலும், ஃபோர்டு ஜி.பி.டபிள்யூ. என்ற பெயரிலும் ஒரே வரைபடத்தை வைத்து ஆறு லட்சத்துக்கு மேல் செய்து தள்ளினார்கள். பர்மா போர்முனைக்காக இந்தியாவுக்கு வந்தவற்றில் பல, போர் முடிந்ததும் ஏலத்தில் போய் எஸ்டேட்டுகளிலும் ஜமீன் வீடுகளிலும் சேர்ந்தன. இந்தக் கட்டுரை இந்த வண்டியைப் பற்றியது. ஆனால் காகிதம், பிரேக், பெட்ரோல் பற்றிச் சொல்வதெல்லாம் மற்றவற்றுக்கும் பொருந்தும்.

இரண்டாம் படி: காகிதத்தை முதலில் பாருங்கள்

இரும்பு துருப்பிடித்தால் வெட்டி ஒட்டலாம். ஆர்.சி. இல்லாத வண்டியை ஒன்றும் செய்ய முடியாது. இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும்.

ராணுவத்திலிருந்து நேராக ஏலத்தில் எடுக்கும் வண்டிக்குச் சிவில் பதிவு எண் இருக்காது. அம்புக்குறி போட்டுத் தொடங்கும் ராணுவ எண் ஏலத்தோடு செத்துப்போகும். அதைப் புதிதாகப் பதிவு செய்ய, வண்டியைக் கழித்த அதிகாரியே கொடுத்த அசல் படிவம் 21 விற்பனைச் சான்று வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 47 சொல்கிறது. "டெபோவில் எடுத்தது சார், ரிலீஸ் ஆர்டர் இருக்கு" என்று ஒரு ஜெராக்ஸை நீட்டுவார்கள். அது போதாது. ஸ்கிராப் என்று எழுதி விற்ற லாட்டில் எடுத்த வண்டி என்றால், அது சாலைக்குத் திரும்ப வழியே இல்லை. 2023 ஏப்ரலில், 15 வயது தாண்டிய அரசு வண்டிகளை உடைப்பு நிலையத்துக்கு அனுப்பும் விதியும் வந்துவிட்டது. என்னைக் கேட்டால், ஏற்கெனவே சிவில் பதிவு ஆகி, ஆர்.சி. உயிரோடு இருக்கும் வண்டியை மட்டும் பாருங்கள்.

அந்த ஆர்.சி.யில் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். சேசிஸ் எண் இரும்பில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா? எஞ்சின் எண் ஒத்துப்போகிறதா, மாற்றியிருந்தால் அதை ஆர்.டி.ஓ.வில் ஏற்றியிருக்கிறார்களா? பதிவு கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது? சொந்த உபயோக வண்டிக்கு 15 ஆண்டுக்குப் பிறகு ஐந்தைந்து ஆண்டாக நீட்டிக்க வேண்டும்.

முதல் பதிவாகி 50 ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கு 2021 ஜூலையில் தனி விதி வந்தது. எண்ணில் மாநில எழுத்துக்கு அடுத்து வி.ஏ. என்று வரும். கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும். ஆனால் இரண்டு முடிச்சு இருக்கிறது. தினசரி உபயோகத்துக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சி, ராலி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது மாதிரியான காரியங்களுக்குத்தான். அப்புறம், சேசிஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. என் வண்டியில் எஞ்சின் மாறியிருக்கிறது. அதனால் நான் அந்தப் பக்கமே போகாமல், சாதாரணப் பதிவிலேயே ஓட்டுகிறேன்.

இன்னொன்று. ராணுவப் பச்சையில் பெயின்ட் அடிக்க ஆசைப்படாதவர் யாரும் இல்லை. ஆனால் விதி 121-ன்படி ஆலிவ் பச்சை பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டும்தான். என் வண்டி இப்போது மணல் நிறம். அம்புக்குறி எண், ராணுவப் படைப்பிரிவுச் சின்னம், பொம்மைத் துப்பாக்கி எதையும் மாட்டாதீர்கள். செக்போஸ்டில் அசடு வழிய வேண்டியிருக்கும், சில சமயம் அதற்கு மேலும்.

மூன்றாம் படி: அசலா ஒட்டுப்போட்டதா என்று கண்டுபிடியுங்கள்

"1944 வில்லிஸ்" என்று விற்கப்படுவதில் பல, பின்னால் வந்த சிவில் ஜீப்புகள்தான். முன்னால் நின்று கிரில்லில் உள்ள ஓட்டைகளை எண்ணுங்கள். போர்க்கால ஜீப்பில் ஒன்பது, சிவில் ஜீப்பில் ஏழு. ஹெட்லைட் சிறியதாக, கிரில்லுக்குப் பின்னால் உள்வாங்கி இருக்கும். பின்னால் போனால் திறந்து மடக்கும் கதவு இருக்காது. பின்பலகை ஒரே தகடு, அதில்தான் ஸ்டெப்னி. பெட்ரோல் ஊற்ற டிரைவர் சீட்டைத் தூக்க வேண்டும். ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கும். போருக்குச் செய்தவை எல்லாமே லெஃப்ட் ஹேண்ட் வண்டிகள்.

வில்லிஸா ஃபோர்டா என்று பார்க்க, ரேடியேட்டருக்கு முன்னால் சேசிஸைக் குறுக்கே இணைக்கும் இரும்பைத் தடவிப் பாருங்கள். உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ். கவிழ்த்த வாய்க்கால் மாதிரி இருந்தால் ஃபோர்டு. ஃபோர்டுக்காரர்கள் போல்ட்டு தலையில்கூட எஃப் என்று பொறித்துவைத்தார்கள். எனக்கு வில்லிஸ் என்று சொல்லித்தான் விற்றார்கள். பெயின்ட்டைச் சுரண்டினபோது ஒரு போல்ட்டில் எஃப் தெரிந்தது, அடுத்ததிலும் தெரிந்தது, குறுக்கு இரும்பும் வாய்க்கால்தான். எஞ்சின் எண்ணோ போருக்குப் பிந்தைய சிவில் ஜீப்புடையது. கலப்படம்தான். பரவாயில்லை, எண்பது வருஷத்தில் யார்தான் கலப்படம் ஆகாமல் இருக்கிறார்கள்.

பானெட்டை உயர்த்தி வெட்டி ஒட்டியிருந்தால் உள்ளே பிற்காலத்தில் வந்த, உயரமான எஃப்-ஹெட் எஞ்சின் (ஒரு வால்வு தலையிலும் இன்னொன்று பிளாக்கிலும் இருப்பது) இருக்கும். அந்த எஞ்சின் தட்டையான பழைய பானெட்டுக்குள் அடங்காது; மஹிந்திராவின் சி.ஜே.3பி ஜீப்புக்கு மூக்கு உயர்ந்திருப்பதே அதற்காகத்தான். விலை பேசும்போது இது உதவும்.

துரு எங்கே என்று பார்க்க ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். தரைத்தகட்டுக்கு அடியில் குறுக்கே ஓடும் தொப்பி வடிவப் பட்டைகளுக்குள் அந்தக் காலத்தில் மரக்கட்டை வைத்திருந்தார்கள். மரம் தண்ணீரைக் குடித்துவிட்டு இரும்பை உள்ளிருந்து தின்னும். மேலே பெயின்ட் பளபளக்கும். கீழே குத்தினால் ஸ்க்ரூடிரைவர் பிஸ்கெட்டில் இறங்குகிற மாதிரி இறங்கும். சேசிஸின் பின் குறுக்கு இரும்பு, ஸ்பிரிங் பட்டை மாட்டும் இடங்கள், இவற்றில் வெல்டிங் மேல் வெல்டிங் இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். எஞ்சின் ஜாம் ஆகியிருந்தால்கூட நான் பயப்பட மாட்டேன். கோணிய சேசிஸுக்குப் பயப்படுவேன்.

நான்காம் படி: ஓட்டுவதற்கு முன் ஒரு மாத வேலை

வீட்டுக்கு வந்ததும் ஒரு ரவுண்டு அடித்துப் பார்க்கலாம் என்று கை பரபரக்கும். பிரேக் வேலை முடியாமல் தெருவில் இறக்காதீர்கள்.

பிரேக். நாலு சக்கரத்துக்கும் ஒரே குழாய்ச் சுற்றுதான். எங்கேயாவது ஒரு ஓஸ் வெடித்தால் நாலும் போய்விடும். அதனால் நன்றாக இருக்கிறதா என்று ஆராய வேண்டாம்; ரப்பர் ஓஸ், வீல் சிலிண்டர் கிட், மாஸ்டர் சிலிண்டர் கிட் எல்லாம் புதிது. ஸ்டீல் குழாயையும் மாற்றிவிடுங்கள். மாஸ்டர் சிலிண்டர் டிரைவர் காலுக்கு அடியில், சேசிஸ் ஓரத்தில் ஒளிந்திருக்கும். தரையில் உள்ள சின்ன மூடியைக் கழற்றித்தான் ஆயில் ஊற்ற வேண்டும். மூடியைச் சுற்றி உள்ள மண்ணைத் துடைக்காமல் திறந்தால் மண் நேராக உள்ளே போகும். கை பிரேக், பின் ஷாஃப்ட்டைப் பிடிக்கும் ஒரு பட்டை. மேட்டில் அதை நம்பாதீர்கள். என் வண்டியில் நிரந்தரமாக இரண்டு முட்டுக்கட்டை இருக்கிறது.

சக்கரம். வீல் நட்டைக் கழற்றும்போது நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். வலது பக்கம் அஞ்சும் சுலபமாக வந்தது. இடது பக்கம் ஒன்றும் அசையவில்லை. துரு என்று நினைத்து ஸ்பேனரில் பைப் மாட்டி ஏறி நின்றேன். ஒரு ஸ்டட் முறிந்து கையோடு வந்தது. எதிரே டீ குடித்துக்கொண்டிருந்த மெக்கானிக் அண்ணன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி, ஸ்டட் மூஞ்சியப் பாத்தீங்களா? எல்-னு போட்டிருக்கு. இந்தப் பக்கம் எல்லாம் தலைகீழ் மரைங்க" என்றார். இடது சக்கரங்களுக்கு இடது மரை. கழற்ற வலது பக்கம் திருப்ப வேண்டும்.

இதைவிட முக்கியமானது, போர்க்கால ரிம் இரண்டு பாதியாக இருந்தால். உள்வட்டத்தில் உள்ள அஞ்சு நட்டு சக்கரத்தை வண்டியோடு பிடிப்பவை. வெளிவட்டத்து நட்டுகள் ரிம்மின் இரண்டு பாதியை ஒன்றாகப் பிடிப்பவை. டயரில் காற்று இருக்கும்போது வெளிவட்டத்தைத் தொட்டால் ரிம் வெடித்துப் பறக்கும். ஆள் உயிரே போகலாம். வால்வு ஊசியைக் கழற்றி, காற்று முழுக்க இறங்கிய பிறகுதான் கை வைக்க வேண்டும். பஞ்சர் கடைப் பையன்களுக்கு இது தெரியாது. நான் வெளிவட்ட நட்டுகளுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்துவைத்திருக்கிறேன், பஞ்சர் ஒட்டும்போது பக்கத்திலேயே நிற்பேன்.

பெட்ரோல். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எஞ்சினின் கம்ப்ரஷன் 6.48 தான் என்பதால் எரிவதில் சிக்கல் இல்லை. சிக்கல் ரப்பரிலும் டேங்கிலும். பழைய ஓஸ் ஊறிப் பிசுபிசுக்கும், பம்ப் டயாஃப்ரம் விறைக்கும், எத்தனால் இழுத்துவைத்த ஈரத்தில் டேங்க் அடி துருப்பிடிக்கும். டேங்கைக் கழற்றிக் கழுவி, ஓஸ் முழுக்க வைட்டான் (எத்தனாலைத் தாங்கும் ரப்பர்) வகைக்கு மாற்றி, டயாஃப்ரமையும் எத்தனால் தாங்குவதாகப் போடுங்கள். மாதக்கணக்கில் நிறுத்துவதென்றால் டேங்கைக் காலி செய்துவிடுங்கள். இன்னொரு விஷயம், எத்தனால் கலந்த பெட்ரோல் சூட்டில் சீக்கிரம் ஆவியாகும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் நாற்பது கொண்டை ஊசி வளைவில் பாதிக்கு மேல் தாண்டியதும் என் வண்டி மூச்சு முட்டி நின்றது. பம்ப் மேல் ஈரத்துணி சுற்றி, கால் மணி நேரம் குரங்குகளோடு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் தானாகக் கிளம்பியது. இப்போது குழாய்க்கு வெப்பத் தடுப்பு உறை போட்டிருக்கிறேன். துணியும் டூல் பாக்ஸில் இருக்கிறது.

கரன்ட். வண்டி 6 வோல்ட். செல்ஃப் சோம்பலாகச் சுற்றினால் பேட்டரியைக் குறை சொல்வதற்கு முன் ஒயரைப் பாருங்கள். 6 வோல்ட்டில் அதே வேலைக்கு இரண்டு மடங்கு கரன்ட் ஓடும்; இன்றைய கார் ஒயர் அதற்கு மெல்லிசு. விரல் தடிமன் கேபிள், சுத்தமாகச் சுரண்டிய எர்த், இரண்டும் இருந்தால் போதும். 12 வோல்ட்டுக்கு மாற்றுபவர்கள் இருக்கிறார்கள். தப்பில்லை, ஆனால் டைனமோ, பல்பு, மீட்டர், காயில் என்று வால் நீண்டுகொண்டே போகும்.

ஆயில். எஞ்சினுக்கு நம் ஊர் வெயிலில் எஸ்.ஏ.இ. 30 மினரல் ஆயில். கியர் பாக்ஸுக்கு 90 கிரேடு, அதுவும் ஜி.எல்.-4 வகை. ஜி.எல்.-5 உயர்ந்தது என்று கடைக்காரர் தருவார். அதில் உள்ள ரசாயனம் வெண்கலப் பாகங்களை அரிக்கும். கியர் பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் (முன், பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) ஒட்டிக்கொண்டிருக்கும். நடுச் சீல் தேய்ந்தால் ஒன்றின் ஆயில் மற்றதற்கு ஓடிவிடும். ஒன்றில் அளவு ஏறி இன்னொன்றில் குறைந்திருந்தால் அதுதான் காரணம். ஏர் ஃபில்டர் ஆயில் தொட்டி வகை. கிண்ணத்தில் கோடு வரைக்கும் எஞ்சின் ஆயில், அதற்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம்.

சூடு ஏறினால் எல்லோரும் ரேடியேட்டரைக் கழற்றுவார்கள். பல சமயம் குற்றவாளி பிளாக்கின் பின்பக்கம், நாலாவது சிலிண்டரைச் சுற்றி எண்பது வருஷமாகப் படிந்த சேறு. கோர் பிளக்கை (பிளாக்கின் தண்ணீர் அறையை அடைத்திருக்கும் தகட்டு மூடி) கழற்றிக் கம்பி விட்டுக் கிண்டுங்கள். என் வண்டியிலிருந்து ஒரு தேங்காய்ச் சிரட்டை நிறைய வந்தது.

டியூனிங் அளவுகள்: டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உள்ள பாயின்ட்டின் இடைவெளி 0.020 அங்குலம், பிளக் 0.030, வால்வு 0.014, குளிர்ந்த எஞ்சினில். ஃபயரிங் வரிசை 1-3-4-2. ஒரு ஃபீலர் கேஜ் வாங்கிக்கொண்டால் ஒரு காலை நேரத்தில் முடியும்.

ஐந்தாம் படி: ஓட்டப் பழகுங்கள்

முதல் கியருக்குச் சின்க்ரோ (பற்களின் வேகத்தைச் சமன் செய்து கியர் சத்தமில்லாமல் விழ உதவும் அமைப்பு) கிடையாது. வண்டி முழுசாக நின்ற பிறகு போட வேண்டும், இல்லையென்றால் டபுள் கிளட்ச், அதாவது நியூட்ரலில் ஒரு தடவை கிளட்ச்சை விட்டு மறுபடி மிதித்துப் போடுவது. மீட்டர் பலகைக்குப் பக்கத்தில் உள்ள தகட்டில் 65 மைல் என்று போட்டிருக்கும். அது 1944-ன் புது வண்டிக்கு. நான் 60 கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை. இடது பக்கம் உட்கார்ந்து நம் சாலையில் பஸ்ஸை முந்துவது தனி வித்தை. பக்கத்தில் நம்பிக்கையான ஆள் வேண்டும். என் மனைவி "போலாம்" என்று சொன்னால் மட்டுமே போவேன்.

ஃபோர் வீலைத் தார் ரோட்டில் போடவே கூடாது. முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாததால், வளைவில் இரண்டும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளும். சேறு, மணல், ஈரப் புல்வெளி என்றால் மட்டும் போடுங்கள்.

ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் திடீரென்று வெறிபிடித்த மாதிரி ஆடினால் பிரேக்கை மிதித்து நசுக்காமல், ஆக்சிலேட்டரை விட்டு மெல்ல வேகத்தைக் குறையுங்கள். வீட்டுக்கு வந்து சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கிங் பின் (முன் சக்கரம் திரும்பும் அச்சு) பேரிங் தேய்வு, டை ராடு முனைகள், ஆக்சில் நடுவில் உள்ள பெல் கிராங்க்கின் (ஸ்டியரிங்கின் அசைவை டை ராடுகளுக்குத் திருப்பிவிடும் நெம்புகோல்) புஷ் என்று வரிசையாகச் சோதியுங்கள். வீல் பேலன்ஸ் செய்தால் சரியாகிவிடும் என்று அனுப்புவார்கள். எனக்கு ஆகவில்லை, பெல் கிராங்க் புஷ் லேத்தில் கடைந்து போட்ட பிறகுதான் நின்றது.

ஆறாம் படி: சாமான் தேடுவது

இங்கேதான் நம் நாட்டுக்காரர்களுக்கு அதிர்ஷ்டம். மஹிந்திரா பல ஆண்டுகள் இதே குடும்பத்து ஜீப்புகளைச் செய்ததால், கிராங்க் பேரிங், ரிங் செட், 9 அங்குல பிரேக் லைனிங், வீல் சிலிண்டர் போன்றவற்றில் பெரும்பாலும் உள்ளூர்ச் சாமான் ஒத்துப்போகும். பழசைக் கையில் எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் வைத்து அளந்து வாங்குங்கள். பெயர் சொல்லி வாங்காதீர்கள். சென்னையில் புதுப்பேட்டை, கோவையில் உக்கடம். தேனி, போடி பக்கம் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்புகளைப் பார்க்கிற மெக்கானிக்குகள் கண்ணை மூடிக்கொண்டு இந்த முன் ஆக்சிலைப் பிரிப்பார்கள். வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டியது கிரில், ஹெட்லைட் தாங்கி, மீட்டர் மாதிரியான அலங்காரச் சாமான்களைத்தான். அவசரம் வேண்டாம், வண்டி ஓடட்டும் முதலில்.

டிங்கரிங்கும் பெயின்ட்டும் கடைசி. முதலில் பெயின்ட் அடித்துவிட்டுப் பிறகு கியர் பாக்ஸை இறக்கினவர்களை எனக்குத் தெரியும்.

ஏழாம் படி: அன்றாடப் பழக்கம்

கிளம்பும் முன்: எஞ்சின் ஆயில், ரேடியேட்டர் தண்ணீர், பிரேக் மிதியின் இறுக்கம், தரையில் புதிய சொட்டு ஏதாவது உண்டா. பழைய சொட்டுகளை மனப்பாடம் செய்துகொள்வீர்கள். இந்த எஞ்சின் பின் சீலில் கொஞ்சம் வடியத்தான் செய்யும். ஓடும்போது ஆயில் பிரஷர் முள்ளில் ஒரு கண்.

நிறுத்தும்போது நாலு வீல் ஹப்பையும் புறங்கையால் தொடுங்கள். மூன்று இளஞ்சூடாக இருந்து ஒன்று சுட்டால், அங்கே பேரிங் இறுக்கம் அல்லது பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. இந்த ஒரு பழக்கம் எனக்கு இரண்டு பேரிங்கைக் காப்பாற்றியது. டீக்கடையில் பார்க்கிறவர்கள், வண்டியைத் தடவிக் கொடுக்கிறான் என்று நினைப்பார்கள்.

1,500 கிலோமீட்டருக்கோ மூன்று மாதத்துக்கோ ஒரு தடவை, எது முந்துகிறதோ அப்போது கிரீஸ் கன். ஸ்பிரிங் ஷேக்கிள், ஷாஃப்ட் ஜாயின்ட்டுகள், டை ராடு, பெல் கிராங்க். கிரீஸ் அடிக்கும் முன் நிப்பிளைத் துணியால் துடையுங்கள், பழைய கிரீஸ் ஓரமாகப் பிதுங்கி வரும்வரை அடியுங்கள். ஆற்றிலோ வெள்ளத்திலோ இறங்கி வந்திருந்தால் கணக்குப் பார்க்காமல் அன்றைக்கே அடிக்க வேண்டும். மழைக்காலத்தில் தரைத்தகட்டின் வடிகால் மூடிகளைக் கழற்றிவைத்துவிடுங்கள்.

இருட்டில் வழியில் நின்றுபோனால் செல்போன் டார்ச்சை வாயில் கவ்வ வேண்டியதில்லை. பானெட்டைத் தூக்கி, ஹெட்லைட் தாங்கியில் உள்ள சிறகு நட்டைத் தளர்த்துங்கள். விளக்கு அப்படியே கீலில் புரண்டு எஞ்சின் பக்கம் திரும்பும். அதன் வெளிச்சத்தில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, பாயின்ட்டை ஒரு துண்டு உப்புத்தாளால் தேய்த்துவிட்டு மூடினால், பத்தில் ஏழு தடவை அங்கிருந்தே கிளம்பிவிடலாம். விளக்கைத் திருப்பி வைக்க மறக்காதீர்கள். எதிரே வந்த லாரிக்காரர் என்னை ஒரு தடவை நன்றாகத் திட்டினார்.